குட்டி ஏன் உள்ளே வரவில்லை?

குட்டி மறுபடியும் வகுப்பு வாசலில் வந்து நின்றுவிட்டது. நெற்றியில் சிவப்பு விளக்கு மட்டும் மினுக் மினுக்கென்று எரிந்தது.

"அய்யோ, என் மானத்தை வாங்காதே!" என்றார் கணக்கு டீச்சர்.

குட்டி என்பது சாப்பாட்டு டப்பா அளவு ரோபோ. நாலு சக்கரம், முன்னால் ஒரு கண். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் எழுதும் கட்டளைப்படி நடக்கும். நடைபாதைக் கோடியிலிருந்து கிளம்பி, வகுப்புக்குள் வந்து, கரும்பலகை அடியில் நிற்க வேண்டும். இதோ, அதைப் பார்க்கக் கல்வி அதிகாரி வந்துகொண்டே இருக்கிறார். அவர் முன்னால் சரியாக ஓடினால் குட்டி இந்தப் பள்ளியிலேயே இருக்கும். ஓடாவிட்டால் வேறு பள்ளிக்குப் போய்விடும்.

குட்டியை விட்டுக்கொடுக்க டீச்சருக்கு மனமே இல்லை. முதல் நாள், பிள்ளைகள் எழுதிய நாலே வரிக்கு அது தானாக நகர்ந்தபோது வகுப்பே வாயைப் பிளந்தது. டீச்சரின் வாய் இன்னும் மூடவில்லை. "அடேயப்பா, சொன்ன பேச்சைக் கேட்குதுங்க!" என்று வீட்டில் ஓயாமல் சொல்லி, "அப்ப நான் கேக்கறதில்லையா?" என்று கணவர் முறைக்கும்படி ஆகிவிட்டது.

"மிஸ், அது வந்து..." என்று எழுந்தாள் சுண்டெலி. வகுப்பிலேயே சின்னவள், கீச்சுக் குரல்.

"யாரும் வாயைத் திறக்கக் கூடாது! நான் யோசிக்கறேன்."

சுண்டெலி உட்கார்ந்துவிட்டாள்.

பேட்டரி தீர்ந்திருக்கும் என்று டீச்சர் புதுசு மாற்றினார். குட்டி மறுபடி கோடியிலிருந்து தலைதெறிக்க ஓடிவந்து, அதே வாசலில் நின்றது. விளக்கு முன்னைவிடப் பளிச்சென்று எரிந்தது.

நிலைப்படி தடுக்கிறதோ என்று அட்டையை மடித்துச் சரிவு வைத்தார். இப்போது அட்டைக்கும் ஒரு சாண் முன்னாலேயே நின்றது.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை வந்தார். "என்ன டீச்சர் இது, சண்டி மாடு மாதிரி! பின்னாலேர்ந்து ஒரு தள்ளு தள்ளுங்க."

தள்ளினார். அவ்வளவுதான், குட்டி விருட்டென்று திரும்பி நடைபாதைக் கோடிக்கே போய்விட்டது.

"கோவிச்சுக்கிட்டுப் போகுதே!" என்று தலையில் கை வைத்தார் தலைமையாசிரியை. டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

குட்டி திரும்பவும் உருண்டு வந்தது. ஆனால் தனியாக வரவில்லை. பின்னாலேயே அதிகாரி அம்மாவும் வந்தார். வாசலில் குட்டி நின்றது. வழி இல்லாமல் அவரும் நின்றார்.

"என்னங்க, என்னையும் உள்ளே விடாது போலிருக்கே?"

இனி ஆவது ஆகட்டும் என்று டீச்சர் வாசலுக்கு வந்தார். "வாங்க மேடம், உள்ளே வாங்க" என்று குனிந்து, கையை வகுப்புப் பக்கம் வீசிக் காட்டினார்.

சிவப்பு விளக்கு பச்சையானது. குட்டி அலுங்காமல் குலுங்காமல் அட்டைமேல் ஏறி இறங்கி, பெஞ்சுகளுக்கு நடுவே வளைந்து போய், கரும்பலகை அடியில் நின்று, வகுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் கூரை பறந்திருக்கும். டீச்சருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"அம்மாடியோவ்!" என்றார் அதிகாரி. "எத்தனையோ பார்த்திருக்கேன், இப்படி ஒண்ணைப் பார்த்ததில்லை. இதைப் போய் யாராவது எடுத்துக்கிட்டுப் போவாங்களா? இங்கேயே இருக்கட்டும். அது சரி டீச்சர், வாசல்ல ஏன் அப்படி நின்னுது?"

டீச்சர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"யாராவது வாயைத் திறந்து சொல்லித் தொலைங்களேன்!"

சுண்டெலி எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டாள்.

"வாசல்லயே நின்னு கேக்கணும், நீங்க கையைக் காட்டினாத்தான் உள்ளே வரணும், முண்டினா வரிசைக்குக் கடைசியில போகணும்னு நீங்கதானே மிஸ் எங்களுக்குச் சொல்லியிருக்கீங்க? நாங்க அதை அப்படியே அதுக்கும் எழுதிட்டோம். பாவம் மிஸ், காலையிலேர்ந்து அது உங்ககிட்டே பர்மிஷன் கேட்டுக்கிட்டே நிக்குது!"