வெள்ளிக்கிழமை மென்ற ஆர்டிசோக்

'தெரியாது' என்ற சொல் என் வாயிலிருந்து வருவது இன்றைக்கும் கஷ்டம். இருபத்திரண்டு வயதில் அது வரவே வராது. கான்வென்ட்டில் படித்தவள், ஆங்கிலக் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவள் என்ற நினைப்பு. (நினைப்பென்ன, திமிருன்னே சொல்லிடலாம்.) அறுபதுகளில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், ஆர்ச்சர்ட் சாலைப் பக்கம் ஒரு பெரிய ஹோட்டலில், அந்தத் திமிரை வெண்ணெயில் தோய்த்து நானே மென்றேன்.

என் கணவர் ராமையா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க். அங்கே புதிதாக ஒரு பதவி வந்தது. துறைமுகத்துக்கு வரும் கேப்டன்களை வரவேற்று, பேசி, விருந்துக்கு அழைத்துப்போகும் வேலை. இவர் அதற்குச் சரிப்படுவாரா என்று பார்க்க, வெள்ளைக்கார மேனேஜர் எங்கள் இருவரையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். இடம், மாட்டிறைச்சி ஸ்டேக்குக்குப் பேர்போன உணவகம். நாங்கள் மாட்டிறைச்சியைத் தொடுவதில்லை. போதாததற்கு வெள்ளிக்கிழமை; எங்கள் வீட்டில் அன்று மீன்கூடக் கிடையாது.

மேனேஜரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்றார் இவர். நான் விடவில்லை. சாப்பாட்டுக்கே இத்தனை நிபந்தனை போடுகிறவரை எந்தக் கேப்டனோடு உட்காரவைப்பார்கள்?

"மெனுவப் பாத்து நான் ஆர்டர் பண்றேன். நான் சொல்றதையே நீங்களும் சொல்லுங்க, போதும் லா," என்றேன்.

போய் உட்கார்ந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தோல் நாற்காலியில் பட்டுப்புடவை வழுக்கியது. நிமிர்ந்தால் சரிந்தேன், சரிந்தால் கால் தரைக்கு எட்டவில்லை. முந்தானையை இழுத்துவிட்டேன், முட்கரண்டிகளை நேராக்கினேன், மறுபடி முந்தானையை இழுத்தேன். மேனேஜரின் மனைவி எனக்குக் குளிர்கிறதா என்று அன்பாகக் கேட்டார்.

மெனு செய்தித்தாள் அகலத்துக்கு இருந்தது. பக்கம் முழுக்க ஸ்டேக். அடியில், காய்கறி என்ற தலைப்பின் கீழ், உருளைக்கிழங்கு இருந்தது, கீரை இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உருளைக்கிழங்கு தின்பதற்கா கான்வென்ட்டில் படித்தேன்? கீழே 'ஆர்டிசோக்' என்று ஒன்று இருந்தது. அது காய்கறி என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. தினமும் காலையில் அதைத் தின்றுவிட்டுத்தான் பல் தேய்ப்பவள் மாதிரி அதைக் கேட்டேன். வெள்ளைச் சட்டை போட்ட வயதான ஹைனானியச் சீனப் பணியாளர் என்னை இரண்டு தடவை பார்த்தார். இவரும் அதையே கேட்டார்.

வந்தது. கைமுட்டி அளவில், பச்சையாக, அடுக்கடுக்கான செதில்களோடு, விரிய மறுத்த தாமரை மொட்டு மாதிரி ஒன்று. பக்கத்தில் கிண்ணத்தில் உருக்கிய வெண்ணெய். ஓர் இதழைப் பிய்த்து, வெண்ணெயில் முக்கி, முழுசாக வாயில் போட்டேன். முதல் நொடி வெண்ணெய் ருசித்தது. அப்புறம் தேங்காய் நார்தான். மெல்ல மெல்ல அது குறையாமல் பெருகியது. எதிரே இவர் மூன்றாவது இதழைப் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர், கோபக்காரக் கேப்டன் ஒருவரை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று இவரைக் கேட்டார்.

இவர் தலையாட்டினார். மேனேஜர் காத்திருந்தார். துணைக்கு நானும் தலையாட்டினேன். பணியாளர் என் கிளாஸில் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் குனிந்து, "ஜங்ஙான் தெலான், நோன்யா," என்றார் மலாயில். விழுங்காதீங்கம்மா என்று அர்த்தம். நான் நிறுத்தினேன். எதிரே இருந்த இவருக்கு அது கேட்கவில்லை. பதில் சொல்வதற்காக வாயில் இருந்ததை அப்படியே விழுங்கினார்.

விழி பிதுங்கியது. பணியாளர் ஓடிப்போய் முதுகில் ஓங்கி அறைந்தார். நார் உருண்டை வெளியே வந்து, மேசையைக் கடந்து, மேனேஜரின் பாதி தின்ற ஸ்டேக் மேல் போய் உட்கார்ந்தது.

மேனேஜரின் மனைவிதான் கையை நீட்டி என் தட்டிலிருந்து ஓர் இதழை எடுத்தார். அடியில் இருந்த மெத்தென்ற சதையை மட்டும் பல்லால் வழித்துவிட்டு, மிச்சத்தைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். அவ்வளவுதான் விஷயம்.

நான் அதற்குமுன் இதைப் பார்த்ததே இல்லை என்று சொன்னேன். வெள்ளிக்கிழமையையும் சொன்னேன். சொல்லி முடித்ததும்தான் முதல் தடவையாக நாற்காலியில் ஒழுங்காக உட்கார முடிந்தது. மேனேஜர் எங்களுக்கு உருளைக்கிழங்கு வரவழைத்தார். நன்றாகவே இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் இவர் மெதுவாகச் சொன்னார், பக்கத்து மேசையில் ஒரு பெண் இதழை வழித்துத் தின்றதை அப்போதே பார்த்துவிட்டாராம்.

"அப்புறம் ஏன் மென்னீங்க?"

"நீ மென்னுக்கிட்டே இருந்தியே. நான் மட்டும் துப்பினா உனக்கு எப்படி இருக்கும்?"

சிராங்கூன் சாலை வரும்வரை நான் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேப்டன்களோடு சாப்பிடும் வேலை வேறொருவருக்குப் போனது. இவர் கிளார்க்காகவே இருந்து, மெதுவாக மேலே வந்தார். கதையைப் பிள்ளைகளிடம் அவிழ்த்துவிட்டவரும் இவர்தான். மகன் சொல்லும்போது உருண்டை மேனேஜரின் கோட்டுப் பைக்குள் விழும். மகள் சொன்னால் அவர் மூக்கில். ஸ்டேக் மேல்தான் விழுந்தது என்று திருத்தப் போனால், "பாத்தியா, அம்மாவே ஒத்துக்கிட்டாங்க," என்பார்கள். அதனால் வாயை மூடிக்கொள்கிறேன். போன தீபாவளிக்குப் பேரன் சொன்னான். மேனேஜரின் கண்ணாடி உடைந்துவிட்டது.