மணி குரைப்பது தமிழ்நாட்டில்

“...அதனால, ஊடு கேரளாங்க, ஊட்டுக்குப் போற தடம் தமிழ்நாடு. நாய் நின்னு கொரைக்கற எடம் கோயமுத்தூர்த் தபால் கோட்டம். அங்க நம்ம சங்கம் வாயத் தொறக்கக் கூடாதுங்க அம்மிணி” என்றார் கோரிக்கை அண்ணன்.

இதை அவர் சொன்னபோது நான் கையில் பார்சலோடு ஸ்கூட்டர் சீட்டின்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தேன். எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் மணி என்கிற நாய் நின்றுகொண்டிருந்தது.

சூரியன் உதிப்பதற்கே முன்கூட்டி நோட்டீஸ் எதிர்பார்க்கும் மனிதர் உலகத்தில் ஒருவர் உண்டென்றால், அவர் கேரள எல்லையோரத்து எங்கள் வடகரப்பதிப் பக்கத்துக் கோரிக்கை அண்ணன்தான். பெற்றவர்கள் வேறு பெயர் வைத்திருப்பார்கள். எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

நான் தபால் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் தபாலாபீசில் என்னோடு சேர்த்து மூன்றே பேர். போஸ்ட்மாஸ்டர் எதிர்ச் சங்கம். ஆக, எங்கள் சங்கத்தின் யூனிட் என்பது அதுவரை கோரிக்கை அண்ணன் மட்டும்தான். அவரே கூட்டம் போடுவார், அவரே தலைமை தாங்குவார், அவரே எழுந்து தனக்கு நன்றி சொல்லி உட்காருவார். எல்லாத் தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறும். நான் சேர்ந்த அன்றைக்கே யூனிட் இரண்டாகப் பிளந்தது. வரவேற்புக்கு அவர் டீ என்றார், நான் காபி என்றேன். ஆளுக்கொரு ஓட்டு. இன்றுவரை அந்தத் தீர்மானம் நிலுவையில் இருக்கிறது.

ஆனாலும் வரவேற்பு ஜாதாவை அவர் விடவில்லை. கழுத்தில் செவ்வரளி மாலையோடு என்னைப் பின்னால் நடக்கவிட்டு, முன்னால் கொடி பிடித்துப் போனார். “புதுத் தோழர் அம்மிணி!” என்று அவர் கத்துவார். ஊர்வலத்தில் மிச்சமிருந்த ஒரே ஆள் நான். “வாழ்க! வாழ்க!” என்று நான் பதில் சொல்லவேண்டும்.

டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயோடு வெளியே வந்தார். “ஏனுங்க அம்மிணி, உங்களுக்கு நீங்களே வாழ்க போட்டுக்கறீங்களா?”

“ஆளில்லீங்க. இருந்தா வேற ஆள வெச்சுப் போடமாட்டமா?” என்று கோரிக்கை அண்ணன் அவரிடம் எரிந்து விழுந்தார். உடனே தவறை உணர்ந்து, நோட்டீஸ் கொடுக்காமல் கோபப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டார்.

வீட்டிலும் இதே கதைதான். தேங்காய்ச் சட்னி கெட்டியாக வேண்டும் என்று சமையலறைக் கதவில் கோரிக்கை மனு ஒட்டினாராம். “பேச்சுவார்த்தைக்கு வரச் சொல்லுங்க, கரண்டி காயுது” என்று அவர் மனைவி சொன்னதும் சமரம் வாபஸ் ஆகிவிட்டது.

இப்படிப்பட்டவர் கையில்தான் என் வேலை போய் மாட்டியது. எல்லையை ஒட்டி ஒரு தோப்புக்காரர் வீடு. தனிக்கட்டை. அவருடைய காது மெஷின் கிணற்றில் விழுந்துவிட்டது. திருப்பூரில் இருக்கும் மகள் புது மெஷினைப் பார்சலில் அனுப்பினாள். கையெழுத்து வாங்கித்தான் கொடுக்கவேண்டும். நான் போய்க் கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது. கேட்பதற்கான மெஷின் என் கையில் இருக்கிறது. கொண்டுபோய்க் கொடுக்கலாமென்றால் நடுவில் மணி. கல்லைத் தாண்டி அது வராது, தாண்டிப் போகிறவரை விடவும் விடாது. திரும்பத் திரும்பப் பார்சலோடு நான் ஆபீசுக்கு வர, திரும்பத் திரும்ப மகள் புகார் கொடுத்தாள்.

மேலதிகாரி போனில் கூப்பிட்டார். “நாளைக்குள்ள அந்தப் பார்சல் போகலேன்னா நீங்க வரவேண்டாம். வேற ஆளப் போட்டுக்கறேன்.”

எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கோரிக்கை அண்ணனிடம் போனேன். “ஏனுங்ணா, இதுக்கு ஒரு வழி பண்ணுங்ணா.”

“சங்கம் எதுக்கு இருக்குது?” என்று எழுந்தார்.

சாயங்காலமே எல்லைக்கல்லில் நோட்டீஸ் ஒட்டினார். நாயைக் கட்டிவைக்காவிட்டால் மறுநாள் தர்ணா. மணி வந்து மோந்து பார்த்தது. காலைத் தூக்கியது.

“நிர்வாகத்தோட பதில் வந்துருச்சுங்க” என்றார் அண்ணன்.

மறுநாள் காலையில் கல்லுக்கு இந்தப் பக்கம் கொடியை நட்டு, இருவரும் தர்ணா உட்கார்ந்தோம். “தபால்காரரைத் தடுக்காதே!” என்று அவர் முழங்க, “தடுக்காதே! தடுக்காதே!” என்று நான் சொல்ல, மணி சரியான தாளத்தில் இரண்டு முறை குரைத்தது. மூன்றாவது சுற்றில் அது என்னைவிட நன்றாகப் பதில் சொன்னது. “பாத்தீங்களா, ஒரு பயிற்சியும் இல்லாமயே!” என்று அண்ணனே நெகிழ்ந்துபோனார்.

ஒருவழியாகத் தோப்புக்காரர் வெளியே வந்து பார்த்தார். கொடியும் ஆளுமாக இருந்ததால், ஓட்டுக் கேட்டு வந்திருக்கிறோம் என்று நினைத்திருக்க வேண்டும். நான் பார்சலைத் தூக்கிக் காட்டுவதற்குள், விரலில் மை வைத்ததைப் போலக் காட்டி, எங்களுக்கே போட்டுவிடுவதாகக் கைகூப்பிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பொழுது ஏறிக்கொண்டிருந்தது. நான் பொறுக்கமாட்டாமல் கல்லைத் தாண்டி ஒரு காலை வைத்தேன். மணி பாய்ந்தது. ஸ்கூட்டர்மேல் ஏறிக்கொண்டேன்.

“கடிச்சிருந்தா எந்தக் கோட்டத்துல கடிச்சதுன்னு எழுதறதுங்க?” என்று அண்ணன் பதறினார். அப்போதுதான் கோயமுத்தூர்க் கோட்டத்தின் சங்கத்துக்கு எழுதி, அவர்கள் கூடித் தீர்மானம் போட்டு, அதற்குப் பிறகு என்று ஆரம்பித்து, நான் முதலில் சொன்ன அந்தப் பேச்சில் வந்து முடித்தார்.

“அதுக்குள்ள என்ற வேலை போயிருங்ணா!” என்றேன். 

அண்ணன் என்னைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். சட்டையில் குத்தியிருந்த சங்கத்துச் சின்னத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

“நான் ராஜினாமாங்க. இப்பத்திக்கு நீங்கதான் செயலாளர். கையெழுத்து வாங்கிட்டுத்தான் வரோணும்.”

வேட்டியை மடித்துக் கட்டினார். செருப்பைக் கழற்றி ஸ்கூட்டர் ஓரமாக ஒழுங்காக வைத்தார். கல்லைத் தாண்டிக் குதித்து, வீட்டுக்கு எதிர்த் திசையில் தோப்புக்குள் ஓடினார். மணி அவர் பின்னால் பறந்தது. நான் இறங்கி வீட்டைப் பார்த்து ஓடினேன். பாதித் தடத்தில் திரும்பிப் பார்த்தேன். நாய் என் பக்கம் திரும்பிவிடக் கூடாதென்று, மூச்சு வாங்க வாங்க, “புதுத் தோழர் அம்மிணி வாழ்க!” என்று அவரே சொல்லி, அவரே பதிலும் சொல்லிக்கொண்டு, மரம் மரமாக ஓடிக்கொண்டிருந்தார்.