நிதானம் போதிக்கும் நஞ்சுக்கொடிப் பேராசிரியர்

இப்படி ஒரு ரகம் உண்டு. அடுப்பைத் தானே பெரிதாக எரியவிட்டு, பால் பொங்கி வழியும்போது பாலைப் பார்த்து, "ஏன் இப்படிப் பதறுறே?" என்று கேட்கிற ரகம். மேலதிகாரியாகக் கிடைப்பார், மாமியாராகக் கிடைப்பார், சில வீடுகளில் புருஷனாகவே வாய்த்துவிடுவார். மான்செஸ்டரில் லோர்னா ஹிண்டிலுக்குக் கிடைத்தவர் பேராசிரியர் ஆலிஸ்டர் பிக்கர்ஸ்கில்.

பிரசவ ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் அவருடைய ஆய்வுக்கூடம். கர்ப்பிணிக்குக் கவலை கூடி, ரத்தத்தில் கார்ட்டிசால் என்கிற ஹார்மோன் ஏறினால், நஞ்சுக்கொடி தாயிடமிருந்து பிள்ளைக்கு சோடியம், பொட்டாசியம் என்று உப்புகளைக் கடத்துகிற வேலை என்ன ஆகிறது? இருபத்திரண்டு வருஷமாக இதே கேள்வி. கேள்வியில் குறையில்லை. கேட்கிற ஆளைத்தான் என்ன சொல்ல?

குழந்தை பிறந்ததும், தாய் சம்மதித்துக் கொடுத்த நஞ்சுக்கொடி மூடி போட்ட வாளியில் வரும். அரை மணிக்குள் பொடிப்பொடியாக நறுக்கி, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் போட்டு, பாதிக்குக் கார்ட்டிசால் விட்டு, மீதியைச் சும்மா விட்டு, எதற்குள் எவ்வளவு பொட்டாசியம் போனது என்று அளக்க வேண்டும். அளப்பது லோர்னா. ஏழு மாதக் கர்ப்பிணி.

"லோர்னா கண்ணு, உனக்கு டென்ஷனே கூடாது. உன் கார்ட்டிசால் ஏறினா பிள்ளைக்குத்தானே கஷ்டம்? அந்த நாப்பது சோதனைக் குழாயையும் சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடு."

திங்கட்கிழமை மூச்சுப் பயிற்சி பற்றி உருக்கமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அதன் கடைசி வரியில் அறிக்கை நாளைக்கே வேண்டும் என்பார். செவ்வாய்க்கிழமை அவள் மேஜையில் லாவெண்டர் பொட்டலம் வைத்து, அது பறக்காமலிருக்கத் திருத்த வேண்டிய அறுபது பக்கத்தை மேலே வைப்பார். புதன்கிழமை அவள் நாற்காலியை விருந்தாளிக்குத் தூக்கிக்கொண்டு போய், நிற்பது ரத்த ஓட்டத்துக்கு நல்லது என்பார். அத்தனையும் அன்பு. அதுதான் கொடுமை.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு லோர்னாவுக்கு ஸ்கேன். பிள்ளை கொஞ்சம் சின்னதாகத் தெரிகிறது, வளர்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். தவறவிட்டால் அடுத்த இடம் பத்து நாள் கழித்துத்தான். சரியாக இரண்டு நாற்பதுக்குப் பிரசவ வார்டிலிருந்து போன். நஞ்சுக்கொடி தயார்.

"நான் ஸ்கேனுக்குப் போகணும், ஆலிஸ்டர்."

"போயேன், யாரு வேணாம்னா? இதை மட்டும் முடிச்சிட்டுப் போ."

"இது முடிய மூணு மணி நேரம் ஆகும்!"

"பாத்தியா, குரல் ஏறுது. நாலு எண்ணி மூச்சை உள்ள இழு."

"மணி ஓடுதுங்க."

"எண்ணும்போது பேசக் கூடாது."

ஒரு பெண்ணுக்குக் கொலைவெறி வருவது எப்படி என்று யாராவது ஆராய வேண்டுமென்றால், இந்த இடத்தில் குழாயை வைக்கலாம்.

அவரோ சாவகாசமாக ஒரு படிவத்தை எடுத்தார். நஞ்சுக்கொடி தருகிற ஒவ்வொரு தாயும் நிரப்ப வேண்டிய கவலைப் படிவம். "பிரசவமானதும் உன் நஞ்சுக்கொடியையும் தரேன்னு சொன்னியே, உன் படிவத்தை நானே நிரப்பிட்டேன். கவலையே இல்லாத தாய்ங்கிற குழுவுக்கு ஒருத்தியும் கிடைக்கல. உன்னைப் போட்டிருக்கேன். நம்ம லேப் மாதிரி நிம்மதியான இடம் வேற எங்க இருக்கு?"

பத்துக் கேள்வி. 'உங்கள் நேரம் உங்கள் கையில் இல்லை என்று தோன்றியதா?' ஒருபோதும் இல்லை. 'அழுகை வந்தும் அடக்கிக்கொண்டீர்களா?' ஒருபோதும் இல்லை. பத்துக்கும் அதே பதில், அழகான கையெழுத்தில்.

லோர்னா பேனாவை வாங்கினாள். பத்தையும் அடித்துவிட்டுப் பத்துக்கும் 'தினமும்' என்று எழுதினாள். படிவத்தையும் தன் கையுறைகளையும் அவர் கையில் திணித்தாள்.

"என்னைக் கவலை உள்ள தாய்ங்க குழுவுல போடுங்க. அங்க நிறைய பேர் இருக்காங்க, எனக்கும் பேச்சுத்துணையாச்சு. வாளியை நீங்களே போய் வாங்கிக்குங்க."

லிஃப்ட் கதவு மூடும்போது தாழ்வாரத்தில் ஓட்டச் சத்தம். "லோர்னா! உப்புத் தண்ணி எங்க இருக்கு? கத்தரி எங்க? லோர்னா!" இருபத்திரண்டு வருஷ ஆராய்ச்சி.

கீழே, ஸ்கேன் எடுத்தவள் திரையில் பிள்ளையை இரண்டு முறை அளந்தாள். லோர்னா மூச்சே விடவில்லை.

"சின்னதுதான். ஆனா போன தடவைக்கு இப்ப நல்லா வளந்திருக்கு. உங்க ரத்த அழுத்தம்தான் கொஞ்சம் கூடுதல். வேலையில ரொம்ப டென்ஷனோ?"

லோர்னா சிரித்த சிரிப்பில் திரையில் பிள்ளை குலுங்கியது. "ஆடாம படும்மா, படம் கலையுது" என்று ஸ்கேன்காரி அதட்ட வேண்டியதாயிற்று.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டிலும் ஒருத்தி வாயும் வயிறுமாக இருந்திருப்பாள். "எதுக்கும் அலட்டிக்காம ரெஸ்ட் எடும்மா" என்று நீங்களும் வாய் நிறையச் சொல்லியிருப்பீர்கள். சொல்லிவிட்டு, காபியை அவளிடமா கேட்டீர்கள், நீங்களே போட்டுக்கொண்டீர்களா?