நான்காவது கழுவல்

பொதுமக்களின் வயிற்று நலனைக் கருத்தில் கொண்டு உணவுத் துறை ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. பாக்கெட்டில் விற்கப்படும் சாலட் இலைகள் தொழிற்சாலையிலேயே மும்முறை கழுவப்பட்டு வருவதால், அவற்றை வீட்டில் நான்காவது முறை கழுவுதல் கூடாது. கழுவினால் வீட்டு சிங்க்கில் உள்ள அழுக்கு சுத்தமான இலையில் தொற்றிக்கொள்ளும் என்று அதில் கண்டிருந்தது. இதில் வியப்பு என்னவென்றால், துறை சொன்னது உண்மை. பழக்கமில்லாத காரியம் ஆகையால் ஊரில் ஒருவரும் நம்பவில்லை.

அது சாலட் காலம். முன்பெல்லாம் உடம்பு இளைக்க வேண்டுமானால் வாயைக் கட்டினார்கள். இப்போது பாக்கெட் இலை வாங்கினார்கள். பச்சை இலையை அப்படியே மென்று தின்பது பெரிய நாகரிகமாகிவிட்டது. ஆடும் மாடும் ஆதிகாலம் தொட்டு இதைத்தான் செய்கின்றன. பாவம், அவற்றுக்குப் படம் எடுத்துப் போடத் தெரியவில்லை.

சுற்றறிக்கையை எழுதியவர் துறையின் உதவி அதிகாரி. அவர் மனைவிக்கு அரசுக் குடியிருப்பில் அலசலம்மா என்று பெயர். முட்டையைக் கழுவுவாள். வாழைப்பழத்தைக் கழுவித்தான் உரிப்பாள். புது சோப்பைப் பிரித்தால் அதையும் ஓர் அலசு அலசிவிட்டுத்தான் கையில் தேய்ப்பாள். அப்படிப்பட்டவள் தலையில் போய் இந்தச் சுற்றறிக்கை விழுந்தது.

"மூணு தடவை கழுவியாச்சுன்னு பாக்கெட்லயே போட்டிருக்கு பாரு," என்றார் அவர்.

"யாரு கழுவுனாங்க?"

"மெஷின்."

"அந்த மெஷினை யாரு கழுவுனாங்க?"

உதவி அதிகாரி சுற்றறிக்கையை மனத்துக்குள் ஒருமுறை புரட்டினார். அந்தக் கேள்விக்கு அதில் இடமில்லை.

"நம்ம சிங்க்தான்டி அழுக்கு. அதுலதானே கோழி கழுவுறே, மீன் கழுவுறே?"

"சிங்க்கையும்தான் கழுவுறேன்."

"எங்க வச்சு?"

"இதென்ன கேள்வி? சிங்க்லதான்."

விவகாரம் இதோடு முடிந்திருக்கும். ஆனால் துறையில் புதிதாக இலைப் பிரிவு என்று ஒன்று தொடங்கப்போவதாகப் பேச்சு. அதன் தலைவருக்குத் தனி வீடு உண்டு. அந்த வீட்டுச் சமையலறையில் இரண்டு சிங்க். அலசலம்மா அதை ஒருமுறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறாள். அக்காவும் தங்கையும் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இருந்த அந்த இரண்டையும் கண்டதும் அவளுக்குக் கண் கலங்கியது. கல்யாணத்தன்று மாப்பிள்ளையைப் பார்த்தபோதுகூட அப்படி ஆகவில்லை.

பதவியைக் கொடுக்க வேண்டியவர் ஆணையர். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரும் அவர் மனைவியும் சாப்பிட வருவதாக ஏற்பாடு.

"நல்லா கேட்டுக்கோ," என்றார் உதவி அதிகாரி. "பாக்கெட்டை மேஜை மேல வைக்கணும். ஆணையர் சம்சாரம் அவங்க கையால கத்திரிப்பாங்க. நேரா தட்டுல கொட்டணும். நடுவுல ஒரு சொட்டுத் தண்ணி பட்டுச்சோ, ரெண்டு சிங்க்கையும் மறந்துடு."

ஞாயிறு காலை. கணவர் குளித்துக்கொண்டிருந்தார். அலசலம்மா கோழியைக் கழுவிச் சட்டியில் போட்டுவிட்டுத் திரும்பினாள். பாக்கெட் அவளைப் பார்த்தது. அவள் பாக்கெட்டைப் பார்த்தாள். கழுவினால் வீடு போகும். கழுவாமல் போட்டால் வந்தவர் வயிறு போகும். வயிறு போனால் வீடும் போகும். ஆக, நிர்வாக நோக்கில் பார்த்தாலும் கழுவுவதே சிக்கனம். பிளேடால் பாக்கெட்டின் அடியைக் கீறினாள். கோழி குளித்து எழுந்த அதே சிங்க்கில் இலையைக் கொட்டி, மனம் குளிர அலசினாள். கைத்துணியில் ஒற்றினாள். மறுபடியும் பாக்கெட்டுக்குள் திணித்தாள்.

அப்போது நாத்தனார் உள்ளே வந்தாள். "என்ன பண்றீங்க அண்ணி?"

"வாயை மூடிட்டு, உன் முடியை நேராக்குற மெஷினை எடுத்துட்டு வா."

"முடி நல்லாத்தானே இருக்கு உங்களுக்கு?"

"முடிக்கில்லடி. இலைக்கு."

சூடான மெஷினின் இரண்டு உதடுகளுக்கு நடுவே பாக்கெட்டின் அடி நுழைந்து, ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது. நாத்தனார் தடவிப் பார்த்தாள். "ஃபேக்டரிலகூட இவ்வளவு நீட்டா ஒட்ட மாட்டாங்க அண்ணி."

"ஒட்டத் தெரியாதவன்தான் மூணு தடவை கழுவுனானாம்," என்றாள் அலசலம்மா.

மதியம் திறப்பு விழா இனிதே நடந்தது. ஆணையர் மனைவி கத்திரிக்க, மற்றவர்கள் கைதட்ட, ஆணையர் இரண்டு வார்த்தை பேசினார். "மக்களுக்கு முன்மாதிரி நாமதான். நாம கழுவாம சாப்பிட்டாத்தான் மக்கள் கழுவாம சாப்பிடுவாங்க." பிறகு தட்டைக் குனிந்து பார்த்தார். "ஏம்ப்பா, இலை ஈரமா இருக்கே?"

"வேர்த்திருக்கும் சார்," என்றார் உதவி அதிகாரி. "நீங்க வந்திருக்கீங்கல்ல."

ஆணையருக்கு அது நியாயமாகவே பட்டது.

அலசலம்மா சமையலறைக்குள் போனதும், பின்னாலேயே ஆணையர் மனைவி தட்டோடு வந்து கதவைச் சாத்தினார்.

"சத்தம் போடாதீங்கம்மா. இதைக் கொஞ்சம் அலசிக் குடுங்க. எங்க வீட்ல கழுவாம நான் வாயில வைக்கிறதில்ல. அவருக்குத் தெரியாது."

அலசலம்மாவுக்கு அந்த அம்மாளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அலசிக் கொடுத்தாள். வெளியே, கை கழுவப் போன ஆணையர் வாஷ்பேசின் முன்னால் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். குழாய் நிற்கவே இல்லை. திரும்பியபோது அவர் கைக்குட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அதன் ஓரத்தில் கொஞ்சம் பச்சை எட்டிப் பார்த்தது. அந்த மேஜையில் கழுவாத இலையைத் தின்றவர் உதவி அதிகாரி ஒருவர்தான். அதாவது, தாம் தின்றது கழுவாத இலை என்று அவர் நம்பினார்.

மறுநாள் துறை இயங்கவில்லை. ஆணையரும் ஆணையர் மனைவியும் அவரவர் குளியலறையில் முகாமிட்டிருந்தார்கள். உதவி அதிகாரி கட்டிலில் சுருண்டு கிடந்தபடி மனைவியைக் கூப்பிட்டார்.

"உண்மையைச் சொல்லு. கழுவுனியா?"

அலசலம்மாவுக்கும் அடிவயிறு பிசைந்துகொண்டுதான் இருந்தது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிங்க் கண்ணுக்குள் வந்து நின்றன.

"நீங்க எழுதினதை நானே மீறுவேனா? என்னங்க பேசுறீங்க!"

அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கும் அந்தப் பதில்தான் வசதி.

விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. நேரடி அனுபவம் உள்ளவர் என்ற தகுதியால் உதவி அதிகாரியே தலைவர். ஆணையர் தாம் கழுவவில்லை என்றார். ஆணையர் மனைவி, கழுவுவது என்ற பேச்சையே இப்போதுதான் கேள்விப்படுவதாகச் சொன்னார். கம்பெனிக்காரர் இலை சுத்தம் என்று சான்றிதழ் நீட்டினார். அதில் கையெழுத்துப் போட்டதே உணவுத் துறை என்பதால் மேற்கொண்டு ஒன்றும் கேட்க முடியவில்லை.

"அப்போ தண்ணியா?" என்று கேட்டது குழு.

"தண்ணி எங்களோடது," என்றார் குடிநீர்த் துறைக்காரர். "வார்த்தையை அளந்து பேசுங்க."

"சிங்க்?"

"அது அரசாங்கச் சொத்து," என்றார் கட்டடத் துறைக்காரர். "அரசாங்கச் சொத்துல அழுக்கு இருக்குன்னா, அது அவதூறு சார்."

எஞ்சியது வயிறு. அது எந்தத் துறையின் கீழும் வரவில்லை. அதன் சார்பில் பேச ஓர் அதிகாரியும் ஆஜராகவில்லை. ஆகவே குற்றம் வயிற்றின் மேல் ஐயமற நிரூபணமாயிற்று.

புதிய சுற்றறிக்கை வெளிவந்தது. 'பாக்கெட் இலைகளைப் பொதுமக்கள் தாராளமாக வாங்கலாம்; படம் எடுக்கலாம்; குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பாதுகாக்கலாம். உட்கொள்வதை மட்டும் அன்புகூர்ந்து தவிர்க்கவும்.' எந்தத் துறையின் மனமும் நோகாமல் எழுதப்பட்ட இந்த வாசகத்துக்காக உதவி அதிகாரி இலைப் பிரிவின் தலைவரானார். அலசலம்மா புது வீட்டுக்குப் போய், முதல் வேலையாக இரண்டு சிங்க்கையும் கழுவினாள்.

உத்தரவை மக்கள் எவ்வளவு தூரம் கடைப்பிடிக்கிறார்கள் என்று பார்க்க ஓர் ஊழியரை வீடு வீடாக அனுப்பினார்கள். முதல் வீடு தலைவருடையது. அலசலம்மா ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினாள். அடித்தட்டில், பிரிக்காத பாக்கெட்டுக்குள், இலை கறுத்துக் கூழாகிக் கிடந்தது.

"அருமைம்மா! உத்தரவு வந்த நாள்லேர்ந்து இப்படித்தானா?"

"பாக்கெட் இலை கடைக்கு வந்த நாள்லேர்ந்து இப்படித்தான். வாங்குறதோட சரி. விருந்தாளி வந்தா ஒழிய எந்த வீட்லய்யா பிரிக்கிறாங்க?"

ஊழியர் தம் வீட்டு ஃப்ரிட்ஜின் அடித்தட்டை நினைத்துக்கொண்டார். மேற்கொண்டு எந்த வீட்டுக்கும் போகவில்லை. அப்படியே அலுவலகம் திரும்பி, ஊர் முழுக்கக் கீழ்ப்படிந்துவிட்டதாக எழுதிக் கொடுத்தார்.