கிரஷர் சுருதி

"என் பொண்ணு கும்பல்ல உக்காந்து கத்துக்க மாட்டா. தனியாத்தான் கத்துக்குவா. முடிவு பண்ணிட்டேன்!"

கல்லங்குறிச்சி பெருமாள் கோயிலிலிருந்து திரும்பும் வழியில், வண்டியை ஓட்டிக்கொண்டே என் கணவர் அறிவழகன் இதை அறிவித்தார். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. எதிரில் கரும்பு ஏற்றி வந்த டிராக்டர்காரருக்கும் கேட்டிருக்கும். என் கணவருக்கு ஆலத்தியூர்ப் பக்கம் சிமென்ட் கம்பெனியில், கல் உடைக்கிற கிரஷர் பிரிவில் வேலை. அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே பழகிவிட்டது. வீட்டில் அவர் "சுமதி, உப்பு" என்றால் தெருமுனைக் கடைக்காரர் ஒரு பாக்கெட் எடுத்து வைத்துவிடுவார்.

அன்று கோயில் மண்டபத்தில் அவருடைய கம்பெனி நண்பர் சிங்காரவேலுவின் மகன் தனியாக நின்று ஒரு பாட்டுப் பாடினான். எல்லோரும் கைதட்டினார்கள். சிங்காரவேலு எங்கள் பக்கம் திரும்பி, "உங்க பாப்பா என்ன பண்ணுது?" என்று கேட்டார்.

எங்கள் பாப்பா வினோதினி அப்போது என் புடவைத் தலைப்புக்குள் ஒளிந்திருந்தாள். வயது ஆறு. வெளியாள் பேர் கேட்டால்கூட வாய் திறக்க மாட்டாள். ஆனால் குளியலறையில் வாளியும் அவளும் மட்டும் இருந்தால் பாடுவாள் பாருங்கள், பால்காரர் பால் ஊற்றிவிட்டும் போகாமல் நிற்பார்.

"அடுத்த வருஷம் இதே மண்டபம். வினு பாடறா. தனியா!" என்றார் என் கணவர்.

எனக்கு என் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. நான் கான்வென்ட்டில் படித்தவள். நல்ல பள்ளிக்கூடம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பாட்டு வகுப்பில் சிஸ்டர் ஒவ்வொருத்தியாக எழுப்பிப் பாடச் சொல்வார். என் முறை வரும்போது தொண்டைக்குப் பூட்டு விழும். எல்லோரும் சேர்ந்து பாடும்போது மட்டும் அது தானாகத் திறக்கும். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆகியும், கணவரிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் என் வலது கை தானாகக் கொஞ்சம் மேலே போகும்.

வீட்டுக்கு வந்ததும் கை மேலே போனது.

"என்னங்க, புவனேஸ்வரி டீச்சர் அவங்க வூட்டுல சனிக்கிழமை குரூப் கிளாஸ் எடுக்கறாங்க. நம்ம தெருப் புள்ளைங்கல்லாம் போவுது. அதுல சேத்து விட்டா..."

"குரூப்பா? மினி பஸ்ல ஏத்தற மாதிரி புள்ளைங்கள ஏத்தி விட்டா, எது பாடுது, எது கொட்டாவி விடுதுன்னு டீச்சருக்கு எப்படித் தெரியும்?"

"அதுதாங்க நல்லது."

"எது?"

"தெரியாம இருக்கறது."

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். மறுநாளே சிங்காரவேலுவிடம், "எங்க வூட்டுக்கே டீச்சர் வராங்க, தனி கிளாஸ்" என்று சொல்லிவிட்டார். கிரஷர் பக்கத்தில் வைத்துச் சொன்னாராம். அப்படியென்றால் கம்பெனி முழுக்கச் சொன்னதாகத்தான் அர்த்தம்.

புதன்கிழமை சாயங்காலம் புவனேஸ்வரி டீச்சர் வந்தார். தெருச் சத்தம் கேட்கக் கூடாது என்று என் கணவர் வாசல் கதவைச் சாத்தினார். பாயில் டீச்சர், எதிரே வினு, அவளுக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு என் கணவர். டீச்சர் போனில் சுருதியை வைத்து, "ஸ..." என்று இழுத்தார். வினு பாயின் கோரையை எண்ணினாள். மறுபடியும் "ஸ..." வினு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள்.

"பாடு வினு!"

கிரஷர் ஓடியது. வினு என் புடவைக்குள் போய்விட்டாள்.

அப்போது கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு ஆண்டாயி அக்கா.

"ஏன் சுமதி, வெளக்கு வைக்கிற நேரத்துல கதவச் சாத்தி வச்சிருக்க? புருசன் பொண்டாட்டி சண்டையா?"

"இல்லக்கா, பாட்டு கிளாஸ் நடக்குது."

"பாட்டா? ஒரு சத்தத்தையும் காணோமே!"

அதுதான் பிரச்சினை. அடுத்த புதனும் அப்படியே போனது. டீச்சர் காபி குடித்துவிட்டு, பாவமாகச் சிரித்துவிட்டுப் போனார்.

"வாயத் தொறந்தாத்தானே சங்கீதம் உள்ள போவும்!" என்றார் என் கணவர்.

"அது இட்லி இல்லைங்க" என்றேன், அவர் அடுத்த அறைக்குப் போன பிறகு.

மறுநாள் காலை குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் வந்தது. பாட்டு இல்லை. பால்காரர் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். துவட்டிவிடும்போது கேட்டேன், "ஏண்டா கண்ணு பாடல?"

"பாடுனா அப்பா டீச்சர உள்ள கூட்டிட்டு வந்துடுவாரும்மா."

மண்டபத்தில் பாடாவிட்டால் போகட்டும். வாளியிடம் பாடிக்கொண்டிருந்த குழந்தைக்கும் என் தொண்டைப் பூட்டைப் போட்டுவிட்டோமே! இவரிடம் போய் நேராகச் சொல்கிற தைரியமும் எனக்குக் கிடையாது. தைரியம் இல்லாதவள் யோசித்துத்தானே ஆகவேண்டும்? யோசித்தேன். கை மேலே போனது.

"என்னங்க, டீச்சர் ஒரு ரூல் சொன்னாங்க."

"என்ன ரூல்?"

"தனி கிளாஸ்னா வூட்டுல பெரியவங்க ஒருத்தர் புள்ளையோட பாயில உக்காந்து சேந்து பாடணுமாம். அப்பத்தான் மத்த நாள்ல சாதகம் பண்ண வைக்க முடியுமாம்."

"நீ உக்காரு."

"எனக்குப் பயமா இருக்குங்க. டீச்சர் முன்னாடி எனக்குத் தொண்டை தொறக்காது. நீங்கன்னா அத்தனை ஆளுங்கள வச்சு வேலை வாங்கறவங்க. உங்களுக்கென்ன பயம்?"

மீசையைத் தடவிக்கொண்டார். "இதெல்லாம் ஒரு விஷயமா? நான் உக்கார்றேன்."

அடுத்த புதன்கிழமை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வினுவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "ரூல் சொன்னீங்களாமே டீச்சர், சுமதி சொல்லிச்சு" என்றார். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"ஆமா சார்" என்றார் டீச்சர், ஒரு நொடி கழித்து. "ரூல்னா ரூல்தான். எங்க, பாடுங்க. ஸ..."

"ஸா!"

அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து இடம் மாற்றிக்கொண்டது. பக்கத்து வீட்டிலிருந்து குரல் வந்தது.

"சுமதீ! தம்பிக்கு என்னாச்சு?"

"பாட்டுக்கா!"

"பாட்டா? நான் பல்லு வலின்னுல்ல நெனச்சேன்!"

வினு முதல் தடவையாகப் பாயிலிருந்து கண்ணை எடுத்தாள்.

டீச்சர் தாளம் சொல்லிக்கொடுத்தார். ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொரு விரலாக எண்ண வேண்டும். என் கணவர் கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்து, லாரி லோடு எண்ணுகிற மாதிரி எண்ணினார். கையைத் திருப்பிப் போடச் சொன்னால் தோசையைத் திருப்பினார். வினுவின் தோள் குலுங்கியது. பிறகு "ப" வந்தது. அது எங்கேயோ இருக்க, இவர் வேறு எங்கேயோ போய் அதைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அது இல்லப்பா."

சின்னக் குரல். நான் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டேன்.

"இப்படி. ப..."

குளியலறைக் குரல். வாளி இல்லாமல், கதவுக்கு இந்தப் பக்கம்.

"நானும் அதத்தானே பாடுனேன்?"

"இல்லப்பா. நீ லாரி ரிவர்ஸ் எடுத்த."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வகுப்பு தினமும் நடந்தது. வேலை முடிந்து புருவமெல்லாம் வெள்ளைத் தூசியோடு வருவார். "கை கால் கழுவிட்டு வாப்பா, சாதகம்" என்று வினு பாயை விரிப்பாள். அவர் ஒரு வரி தப்பாகப் பாடுவார். அவள் அதையே சரியாகப் பாடிக் காட்டுவாள். அவர் எவ்வளவு தப்புச் செய்தாரோ அவ்வளவு அவள் பாடினாள். தப்புச் செய்ய அவர் சிரமப்படவே இல்லை. குளியலறையிலும் பாட்டுத் திரும்பி வந்தது. பால்காரரும் திரும்பி வந்தார்.

பிறகு ஷிப்ட் மாறியது. சாயங்காலமெல்லாம் கம்பெனியில். "கிளாஸ கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைப்போம்" என்றார். வினு அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அப்பா இல்லைன்னா நான் யாரைத் திருத்தறது?"

என் கை மேலே போனது.

"கண்ணு, சனிக்கிழமை காலையில டீச்சர் வூட்டு குரூப்புல நெறைய புள்ளைங்க தப்பாப் பாடும்டா."

வினு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நெறையவா?"

"ஷிப்ட் மாறுற வரைக்கும்தான். அதுக்கப்புறம் தனி கிளாஸ்தான்" என்றார் என் கணவர், என்னிடம் விரலை நீட்டி. நான் பணிவாகத் தலையாட்டினேன்.

சனிக்கிழமை அவரே கொண்டுவந்து விட்டார். டீச்சர் வீட்டுக் கூடம் நிறையக் குழந்தைகள். வினு என் புடவையைத் தேடுவாள் என்று நான் தலைப்பைத் தயாராக வைத்திருந்தேன். அவள் நேராகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். எல்லாக் குரலுக்கும் மேலே அவள் குரல் கேட்டது. பக்கத்துப் பையனின் சுண்டுவிரலைப் பிடித்துத் தாளத்தைச் சரி செய்தாள். வாசற்படியில் நின்ற என் கணவர், வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் மண்டபமும் இல்லை, சிங்காரவேலுவும் இல்லை. அவரை ஏமாற்றியது எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

வகுப்பு முடிந்ததும் தொண்டையைச் செருமினார். மீசை பழைய இடத்துக்கு வந்தது.

"டீச்சர், குரூப்பும் பரவால்ல, ஒத்துக்கறேன். ஆனா என் ஷிப்ட் மாறுனதும் தனி கிளாஸ் திரும்ப ஆரம்பிச்சிடணும். சிங்காரவேலுகிட்டயெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். எங்க வூட்டுக்குத் தனி கிளாஸ்தான்!"

டீச்சர் என்னைப் பார்த்தார். அந்தக் கூடத்தில் மின்விசிறி இல்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் திணறும்போது, முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. என் கை மாதிரி பாதியில் நிற்காமல், நேராக, உச்சிவரைக்கும். வினுவின் கை.

"வைங்க டீச்சர்" என்றாள், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "அப்பாவுக்குத் தனியாவே வைங்க. குரூப்புல சேத்தா மத்த புள்ளைங்க கெட்டுப் போயிடும்."