செக்கிங் அங்கிள் வாங்கிய ஸ்கோப்

சிட்னித் தமிழர்களிலேயே, விற்கிறவன் சொன்னதை நம்பி ஒரு தேங்காய்கூட வாங்காத ஒரே மனிதர் செக்கிங் அங்கிள்தான். மறுக்கிறவர்கள் அவரோடு ஒரு தடவை மெத்தை வாங்கப் போய்விட்டு வந்து மறுக்கட்டும்.

நான் போயிருக்கிறேன். கடையில் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு மெத்தையில் ஏறிப் படுத்தார். எல்லோரும் செய்வதுதானே என்று நானும் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. கடைக்காரப் பெண் என்னைப் பார்க்க, நான் கூரையைப் பார்த்தேன். ஒருவழியாக எழும்பிய அங்கிள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "முதுகு நோகேல்லைத் தம்பி. ஆனா வந்த கனவு சரியில்லை. மற்றதைப் பாப்பம்" என்று அடுத்த மெத்தைக்கு நடந்தார்.

குடை வாங்கினால் பக்கத்துப் பூங்காவில் புல்லுக்குத் தண்ணீர் விசிறும் குழாயின் கீழே போய் நிற்பார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது சாதகப் பொருத்தம் அவர் மனைவி அன்ரிக்குப் போதுமாக இருந்தது. அங்கிளுக்குப் போதவில்லை. சனிக்கிழமை மத்தியானம் பெண்டில்ஹில் கடைத்தெருவில் பெடியனைக் காரை ரிவேர்சில் பார்க் பண்ணச் சொல்லி, பின்னால் இருந்து பார்த்தார். "மூண்டு தரம் பிழைச்சும் ஒருத்தனையும் ஏசேல்லை. குடுக்கலாம்" என்ற பிறகுதான் நாள் குறித்தார்கள்.

சிட்னியின் கிரவீன் பகுதியில் அவருடைய வீட்டுப் பின்அறையில்தான் நான் வாடகைக்கு இருந்தேன். மன்னாரில் கடலுக்குப் போகும் குடும்பம் எங்களுடையது. அதில் பல்கலைக்கழகம் வரை வந்தவன் நான் ஒருவன்தான். அதனால் உலகத்தில் எந்தச் சிக்கலையும் உட்கார்ந்து வாசித்தால் தீர்த்துவிடலாம் என்று நம்புகிறவன். அங்கிள் எதையும் தட்டிப் பார்த்தால் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து, துவக்கின் மேல் பூட்டித் தூரத்தைக் கிட்டக் காட்டும் ஒரு ஸ்கோப் வாங்கப் புறப்பட்டதுதான் இந்தக் கதை.

அங்கிளுக்குப் பகலில் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. மனம் மட்டும் வேட்டையில். காட்டுக்குப் பேர்போன வன்னியில் பிறந்தவர். முறையாக லைசென்ஸ் எடுத்து, ஒரு பழைய துவக்கும் வாங்கி, இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தார். இல்லாதது வேட்டையாட ஒரு நிலம். இந்த நாட்டில் பண்ணைக்காரர் அனுமதி தராமல் அவர் நிலத்தில் கால் வைக்க முடியாது. அங்கிள் லீவு நாட்களில் காரை எடுத்துக்கொண்டு போய்ப் பண்ணை பண்ணையாகக் கேட்டார். கேட்டில் நின்று கையை ஆட்டுவார். உள்ளேயிருந்து ஒருவர் வந்து இவரை மேலும் கீழும் பார்த்து, ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்பார். திரும்பி வந்து அன்ரியிடம், "அவையளுக்கு ஆள் இருக்காம்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருவார். இது இரண்டு வருடம் நடந்தது.

பிறகு மார்கரெட் கிடைத்தார். கோல்பேர்னுக்கு அப்பால் தனியாக ஆடு வளர்க்கும் வயதான பெண்மணி. காட்டுப்பன்றிகள் அவருடைய புல்வெளியை உழுதுவிட்டிருந்தன. அவரும் கேட்டில்தான் நின்றார். ஆனால் மேலும் கீழும் பார்க்கவில்லை. ஒரு நிபந்தனை சொன்னார். முன்பு ஒருவன் பன்றியை அரைகுறையாகச் சுட்டுவிட்டுப் போக, அது ஓடை ஓரத்தில் துடித்துக் கிடந்ததை அவர் கண்டிருக்கிறார். ஆகவே இனி யார் வந்தாலும் அவருடைய கண்முன்னே நூறு மீற்றர் தூரத்தில் ஒரு சின்னப் பேப்பர் தட்டில் மூன்று வெடியும் விழவேண்டும். ஒரு வாய்ப்புத்தான். தவறினால் கேட் மூடப்படும்.

அங்கிளின் கை இரும்பு. கண்தான் அறுபதைத் தாண்டியிருந்தது. வெறும் கண்ணுக்கு நூறு மீற்றரில் தட்டும் இல்லை, தட்டை அடித்த பலகையும் இல்லை. "ஸ்கோப் ஒண்டு வேணும் தம்பி. நல்லதாவும் இருக்கவேணும், என்ர காசுக்கு அடங்கினதாவும் இருக்கவேணும்" என்றார்.

அன்ரியின் தம்பி ரவிக்கு இது காதில் விழுந்தது. ரவியும் வேட்டைக்காரர். அவருடைய ஸ்கோப் பீரங்கி மாதிரி இருக்கும். விலையும் அப்படித்தான்.

"அத்தான், மலிவாப் பாக்காதேங்கோ. இருபத்தைஞ்சு மடங்கு பெருசாக் காட்டுறது எடுங்கோ, என்ரை மாதிரி. இஞ்ச பாருங்கோ."

அங்கிள் கண்ணை வைத்தார். நெடுநேரம் எங்கேயோ தேடினார்.

"மச்சான், பன்றியின்ர ஒரு மயிர் வடிவாத் தெரியும் போல கிடக்கு. மிச்சப் பன்றி எங்கயடா?"

ரவிக்கு முகம் கறுத்துவிட்டது. "அப்ப நானும் மார்கரெட்டிட்டை வாறன். பாப்பம், ஆரின்ர ஸ்கோப் நல்லதெண்டு."

நான் இரவுபகலாக வாசித்தேன். வாசித்ததன் சாரம் இதுதான்: பன்றி வேட்டைக்கு மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு பெருக்கம் தாராளம். அதற்கு மேல் போனால் பார்க்கும் பரப்புச் சுருங்கி, கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகத் தெரியும். காசு கொடுக்கவேண்டியது பெருக்கத்துக்கு அல்ல, கண்ணாடியின் தரத்துக்கு. விடியலிலும் பொழுதுபடும் மைம்மலிலும்தான் பன்றி வரும். அந்த மங்கல் வெளிச்சத்தில் தெளிவாகக் காட்டுவதே நல்ல ஸ்கோப். இதையெல்லாம் நான் குசினியில் நின்று விரிவுரையாற்ற, அங்கிள் பாணைத் தேநீரில் தோய்த்தபடி கேட்டார்.

"எல்லாம் சரி. ஆனா தெளிவோ இல்லையோ எண்டு எப்பிடிச் செக் பண்ணுறது?"

அதைப் பற்றி எங்கும் எழுதியிருக்கவில்லை.

பொழுது சாயும் நேரம் பார்த்துக் கடைக்குப் போனோம். கடைக்காரி பெவ், தொப்பி போட்ட, சிரித்த முகமுள்ள பெண். அங்கிள் தன் பையிலிருந்து ஒரு தமிழ்ச் சமூகப் பத்திரிகையை எடுத்தார். முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலிப் பக்கத்தைக் கார்த்தரிப்பிடத்தின் மறுகோடி வேலியில் ஒட்டிவிட்டு வந்தார்.

"இங்கிலீஷ் எழுத்து லேசு தம்பி. ரெண்டு கோட்டை இழுத்தா எல் வந்திடும். எந்த ஓட்டைக் கண்ணாடியும் காட்டும். எங்கட எழுத்தெல்லாம் சுழி. ஞானா எண்ட எழுத்தின்ர வளைவு அடைபடாமத் தெரிஞ்சாத்தான் அது கண்ணாடி."

பெவ் பக்கத்தில் நிற்க, ஒவ்வொரு ஸ்கோப்பாக வெளியே வந்தது. துவக்கில்லாத வெறும் ஸ்கோப்தான். ஆனாலும் போன கார்களெல்லாம் வேகத்தைக் குறைத்துப் பார்த்துக்கொண்டே போயின. அங்கிள் உரத்து வாசிக்கத் தொடங்கினார். "அன்னாரின் பாசமிகு... பாசமிகு... ம்ஹூம். ணானா கறுத்த உருண்டையாக் கிடக்கு. இது சரிவராது."

வேலியில் இருப்பது என்னவென்று பெவ் கேட்டார். இறந்தவர்களின் நினைவுக் குறிப்பு என்றேன். அவர் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார்.

வெளிச்சம் குறையக் குறைய ஸ்கோப்புகள் ஒவ்வொன்றாகத் தோற்றன. மலிவிலும் மலிவானவை முதலில் குருடாகின. பெரிய பெருக்கம் காட்டியவை இருண்டன. கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று கண்ணாடி அலுமாரியின் மேல்தட்டில் இருந்த விலை கூடியது. மற்றது அதைவிட விலை குறைந்தது, எவரும் கவனிக்காமல் கீழ்த்தட்டில் கிடந்தது. அங்கிள் மாறி மாறிப் பார்த்தார்.

"விலை கூடினதிலையும் ஞானா ஞானாவாத்தான் இருக்கு. இதிலையும் ஞானா ஞானாதான். பிறகென்னத்துக்குக் கூடக் குடுக்கிறது?"

பெவ்வும் வாங்கிப் பார்த்தார். வளைந்து வளைந்து போகும் அந்த எழுத்து நன்றாகத் தெரிகிறது என்று ஒப்புக்கொண்டார். மிச்சப்படுத்திய காசில் ஸ்கோப்பைத் துவக்கில் பொருத்தும் நல்ல பிடிகள் வாங்குங்கள், பிடி ஆடினால் எந்த ஸ்கோப்பும் வீண் என்றார். அங்கிளுக்கு அது பிடித்திருந்தது. விற்கிறவர் சொன்னதை அவர் தலையாட்டிக் கேட்டதை அன்றுதான் கண்டேன். போகும்போது அந்தப் பத்திரிகையைக் கடைக்கே தரும்படி பெவ் கேட்டார். அது இன்னும் அங்கே பிளாஸ்டிக் உறைக்குள் வேலியில் இருக்கிறதாம்.

வீட்டிலும் செக்கிங் ஓயவில்லை. பனி பிடிக்குமா என்று பார்க்க ஸ்கோப் ஓர் இரவு முழுக்கக் குளிர்ப்பெட்டியில், சூடை மீனுக்குப் பக்கத்தில் படுத்தது. "இஞ்சேருங்கோ, பெட்டிக்குள்ள இரும்பை வைச்சிட்டு மீனை எங்க வைக்கிறது?" என்று அன்ரி சத்தம் போட்டார். அடுத்த நாள் வாளித் தண்ணீரில் முங்கியது. ஒரு நீர்க்குமிழிகூட வரவில்லை. பிறகு துவக்கில் பூட்டி, சுடும் மைதானத்துக்குக் கொண்டுபோய், திருகித் திருகிக் குறி சரியாக்கி, அங்கிள் சிரித்தபடி திரும்பி வந்தார். எதுவும் மீதி இல்லை. எல்லாம் செக் பண்ணியாகிவிட்டது.

சனிக்கிழமை காலை பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தோம். வெயில் பளிச்சென்று அடித்தது. மார்கரெட் ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தார். முதலில் ரவி. பீரங்கியை வைத்து நெடுநேரம் மூச்சுப் பிடித்தார். தன் இதயத் துடிப்புக்கே தட்டு துள்ளுகிறது என்று முணுமுணுத்தார். இரண்டு வெடி தட்டில், மூன்றாவது பலகையில். மார்கரெட் மரியாதையாகத் தலையை ஆட்டினார். ரவி துவக்கைப் பெட்டியில் வைத்தார்.

அங்கிள் மேசையில் சாய்ந்து கண்ணை வைத்தார். எடுத்தார். கண்ணைக் கசக்கினார். மறுபடி வைத்தார். பிறகு குண்டை எடுத்துவிட்டு, துவக்கை மேசையில் வைத்து எழுந்தார்.

"தம்பி." குரல் மாறியிருந்தது. "ஒரே மஞ்சள் புகையாத் தெரியுது. கண் போயிட்டுது போல."

"ஸ்கோப் பனி பிடிச்சிருக்கும் அங்கிள்."

"அதை நான் மீனோட வைச்சுப் பாத்திட்டன். இது என்ர கண்தான்." அவர் கேட் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். "பரவாயில்லை. அவவிட்டைச் சொல்லு, ஏலாதெண்டு."

ஆயிரம் பொருளைச் சந்தேகப்பட்ட மனிதர் இப்போது தன்னையே சந்தேகப்பட்டார். குண்டில்லை என்பதை உறுதி செய்துகொண்டு குனிந்து ஸ்கோப்பின் முன்பக்கத்தைப் பார்த்தேன்.

முன்கண்ணாடியின் நடுவில், வட்டமாக, வடிவாக, ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம்.

விடிய வெளிக்கிடும்போது அங்கிள் பெட்டிக்குப் பூட்டுத் தேடிய இடைவெளியில் அன்ரி செய்த வேலை. புதுக் காருக்குப் பொட்டு வைப்பதில்லையா? இதற்கு மட்டும் வேண்டாமா? வட்டமாகப் பளபளத்ததை நெற்றி என்று நினைத்திருக்கிறார். உலகத்தில் எல்லாவற்றையும் செக் பண்ணும் அங்கிள் அன்ரி தொட்டதை மட்டும் செக் பண்ணுவதில்லை.

ரவிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. "அத்தான், ஸ்கோப்புக்குக் கலியாணம் போல!"

நான் சேட்டு நுனியைத் தூக்க, அங்கிள் பாய்ந்தார். "தேய்க்காத! காய்ஞ்ச சந்தனம் கண்ணாடியைக் கீறும். தண்ணி ஊத்து!" கண் போனதாகச் சொன்னவரின் குரல் அல்ல அது.

மார்கரெட் தொட்டித் தண்ணீர் கொண்டுவந்தார். இது என்ன என்று கேட்டார்.

"மை வைஃப்," என்றார் அங்கிள் வெட்கத்துடன். "பிளெஸ்ஸிங். ரோங் பிளேஸ்."

மார்கரெட் பொட்டையும் அங்கிளையும் பார்த்தார். கண்ணாடியைக் கழுவுங்கள், ஆனால் ஆசீர்வாதத்தை வீணாக்கவேண்டாம் என்று சொல்லி, கரைந்த சந்தனத்தைத் தன் விரலால் தொட்டு ஸ்கோப்பின் குழாயில் வைத்துவிட்டார்.

கண்ணாடி காய்ந்தது. அங்கிள் சாய்ந்தார். ஒரு வெடி. இன்னொன்று. மூன்றாவது.

எல்லோரும் நடந்து போய்ப் பார்த்தோம். மூன்று ஓட்டையும் அன்ரியின் ஒரு வடைக்குள் அடங்கும். ரவி தட்டைக் கழற்றி நெடுநேரம் பார்த்துவிட்டு, "அத்தான், அந்தக் கடை எங்க இருக்கு?" என்றார். மார்கரெட் அங்கிளின் கையைக் குலுக்கி, இனி வந்து கூப்பிடத் தேவையில்லை, கேட்டின் சங்கிலியைக் கழற்றிவிட்டு நீங்களே உள்ளே வரலாம், திரும்பிப் போகும்போது மூடிவிட்டுப் போங்கள் என்றார்.

அங்கிளும் அன்ரியும் போன வருடம் மகளோடு இருக்கவென்று வேறு மாநிலத்தில் இருக்கும் கிரான்பர்னுக்குப் போய்விட்டார்கள். அங்கே தக்காளி விற்கிறவர்களின் பாடு என்னவோ.

அன்று பண்ணையிலிருந்து திரும்பும்போது கார் என் கையில் இருந்தது. கேட்டைத் தானே மூடுவதாக அங்கிள் இறங்கினார். மூடிச் சங்கிலியைப் போட்டார். பிறகு சங்கிலியைக் கழற்றித் திறந்தார். மூடினார். திரும்பவும் திறந்தார்.

"என்ன அங்கிள்?"

"ஒண்டுமில்லைத் தம்பி. திறக்குதோ எண்டு பாத்தனான்."

நான் எஞ்சினை நிறுத்தினேன். ஆசை தீரப் பார்த்துவிட்டு வரட்டும்.