கல்யாண கேசட்டுக்குப் பேச்சு வந்த நாள்

கம்ப்யூட்டர் படித்த பிள்ளை ஒன்று இருந்துவிட்டால் ஒரு குடும்பத்துக்கு வேறு எதிரியே தேவையில்லை. எங்கள் குடும்பத்தில் அந்தப் பிள்ளை நான்.

அப்போது பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபீசில் என்னை யாரும் பெரிதாக மதித்ததில்லை. மீட்டிங்கில் நான் வாயைத் திறந்தால் உடனே வேறு யாராவது பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயிலேறி மொரப்பூரில் இறங்கிவிட்டால் நான் விஞ்ஞானி. சொந்தக்காரர்களில் யார் வீட்டு ரிமோட் வேலை செய்யாவிட்டாலும் என்னிடம் வந்துவிடும். பேட்டரியை எடுத்து, உள்ளங்கையில் இரண்டு உருட்டு உருட்டி, திரும்பப் போட்டுக் கொடுப்பேன். (இதற்கு எதற்கு இவ்வளவு படிப்பு என்று யாரும் கேட்டதில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.)

அப்பாவுக்கு அறுபது வயது முடியப்போகிறது, அறுபதாம் கல்யாணம் செய்யலாம் என்று ஆரம்பித்ததும் நான்தான். எங்கள் பக்கத்தில் அது அவ்வளவாக வழக்கமில்லை. பெங்களூரில் ஒரு தோழி வீட்டில் பார்த்துவிட்டு வந்து பிடிவாதம் பிடித்தேன்.

"எதுக்கு பாப்பா? ஒரு தடவ கட்டுனதே போதாதா?" என்றார் அப்பா. தக்காளித் தோட்டத்துக்கு மருந்தடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்.

"அதத்தான் நானும் கேக்கறேன்" என்று சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

இரண்டு பேரும் ஒரே கருத்தைச் சொன்னது அபூர்வம். அந்தச் சகுனத்தையாவது நான் மதித்திருக்க வேண்டும்.

விழாவுக்கு நான் வைத்திருந்த பெரிய திட்டம், அவர்களுடைய கல்யாண கேசட். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, மண்டபத்தில் பெரிய திரை வைத்து, எல்லாச் சொந்தங்களுக்கும் போட்டுக் காட்டுவது.

அந்த கேசட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பொங்கலுக்குப் பொங்கல் தருமபுரியிலிருந்து வாடகைக்கு வீடியோ டெக் எடுத்து வருவார்கள். இரண்டு சினிமா, நடுவில் அம்மா அப்பா கல்யாணம். அந்தக் காலத்து வீடியோக்காரர்கள் வழக்கப்படி, எங்கள் வீடியோக்காரரும் முதலிலிருந்து கடைசிவரை சினிமாப் பாட்டாகப் போட்டு நிரப்பியிருந்தார். எல்லோருக்கும் வாய் அசையும், ஒருத்தர் பேச்சும் கேட்காது. அதனால் யார் என்ன பேசினார்கள் என்பதை நாங்களே நிரப்பிக்கொண்டோம். வருஷம் போகப் போக அது வரலாறு ஆகிவிட்டது.

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் அப்பா அம்மாவின் காதருகே குனிந்து ஏதோ சொல்வார், அம்மா வெட்கப்பட்டுச் சிரிப்பாள். "சாவற வரைக்கும் உன் கண்ணுல தண்ணி வர வுடமாட்டேன்னு சொன்னேன்" என்பது அப்பாவின் வாக்குமூலம். அம்மா மறுத்ததில்லை. அடுத்து, அப்பாவின் தங்கை சாந்தி அத்தை தேம்பித் தேம்பி அழுவார். அண்ணன் மேல் அவ்வளவு பாசம். அதற்கப்புறம் பந்தியில் அம்மாவின் அண்ணன், ஏரியூர் மாமா, பக்கத்தில் நிற்பவரிடம் முகத்தை இறுக்கிக்கொண்டு என்னவோ சொல்வார். தங்கையைப் பிரியும் துக்கம் என்று நாங்கள் மனதுருகிப் பார்ப்போம்.

கேசட்டை எடுத்துப் பார்த்தபோது நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தது. தருமபுரியில் ஒரு ஸ்டுடியோவில், "குடுத்துட்டுப் போங்க, பென் டிரைவ்ல போட்டு வெக்கறோம்" என்றார்கள். கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் நான் விஞ்ஞானியாயிற்றே. "உங்க டெக் ரொம்பப் பழைய மாடலுங்க, தரம் வராது" என்று அவர்களுக்கே பாடம் எடுத்துவிட்டு வந்தேன்.

பெங்களூரில் பழைய சாமான் கடையொன்றில் உயர்ந்த ரக டெக் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினேன். பஞ்சும் ஸ்பிரிட்டும் வைத்துக்கொண்டு நாடாவை முழம் முழமாகத் துடைத்தேன். டெக்கையும் லேப்டாப்பையும் இணைக்க ஒரு சின்னக் கருவி வாங்கினேன். கேசட்டை மாற்றுவதில் ஒரு தொல்லை என்னவென்றால், குறுக்கு வழி கிடையாது. கல்யாணம் எவ்வளவு நேரம் ஓடுகிறதோ அவ்வளவு நேரமும் ஓட விட்டுத்தான் பதிய வேண்டும். எனக்கோ அன்றைக்கு வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. அதனால் காதில் ஹெட்போனை மாட்டி மீட்டிங்கில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் கேசட்டைச் சத்தமில்லாமல் ஓட விட்டேன். அவ்வப்போது எட்டிப் பார்த்தேன். படம் பளிங்கு மாதிரி இருந்தது. சத்தத்தைக் கேட்டுப் பார்க்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? எந்த இடத்தில் எந்தப் பாட்டு வரும் என்று எனக்குத்தான் மனப்பாடமாயிற்றே!

விழா, மொரப்பூரில் ஒரு சின்ன மண்டபத்தில். மாலை மாற்றி முடித்ததும் நான் மேடையேறி மைக்கைப் பிடித்தேன். "இந்த கேசட்டை மீட்டெடுக்க நான் பட்ட பாடு…" என்று ஆரம்பித்துப் பேசிக்கொண்டே இருந்தேன். "படத்தப் போடு பாப்பா, எலை போடற நேரமாச்சு" என்று கூட்டத்திலிருந்து யாரோ சொன்னபிறகுதான் போட்டேன்.

திரையில் அப்பா, தலை நிறைய முடியோடு. எல்லோரும் கைதட்டினார்கள். பாட்டு வர வேண்டிய இடத்தில் நாதஸ்வரம் கேட்டது. அதற்கு நடுவே, "அந்தச் சேரை இந்தப் பக்கம் போடுங்கப்பா" என்று யாரோ கத்துவது கேட்டது. மண்டபத்தில்தான் யாரோ கத்துகிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை.

(பிறகு விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்த நாடாவில் சத்தம் பதிவதற்கு இரண்டு இடங்கள் இருந்தனவாம். வீடியோக்காரர் ஒன்றின் மேல் மட்டும் பாட்டைப் போட்டிருக்கிறார். வாடகை டெக்குகளுக்கு அது மட்டும்தான் கேட்கும். நான் தேடிப் பிடித்த உயர்ந்த ரக டெக், இன்னொன்றையும் படிக்கத் தெரிந்த டெக். அன்றைக்கு மண்டபத்தில் பேசியதெல்லாம் இத்தனை வருஷமாக அதில் அப்படியே உட்கார்ந்திருந்தது.)

அதற்குள் திரையில் மேளம் ஓய்ந்து, அப்பா அம்மாவின் காதருகே குனிந்தார். வீடியோக்காரர் கேமராவை அவர்கள் முகத்துக்கு வெகு பக்கத்தில் கொண்டுபோயிருந்தார்.

"ஏய், வேட்டி அவுருது. கொஞ்சம் நெருங்கி உக்காந்து மறைச்சுக்க."

 மண்டபத்தின் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு சிரிப்பு. மேடையில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த அப்பா அனிச்சையாக வேட்டியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் வாழ்க்கையில் அதுவரை நான் செய்த எதற்கும் யாரும் இவ்வளவு சிரித்ததில்லை. அந்தப் போதையில் ஓட விட்டேன். சாந்தி அத்தை அழுகிற காட்சி வந்தது.

"எம் புதுச் செருப்பக் காணோம்! இன்னைக்குத்தான் மொத மொதல்ல போட்டுட்டு வந்தேன்!"

"அடிப்பாவி, செருப்புக்கா அழுத?" என்று அப்பா மேடையிலிருந்தே கேட்டார். "நல்ல செருப்புண்ணா அது" என்றார் அத்தை, இன்னும் வருத்தம் தீராத குரலில்.

அடுத்தது பந்தி என்று எனக்குத் தெரியும். மாமா பேசுவார் என்பதும் தெரியும். தங்கச்சி பாசம் என்றுதான் நினைத்தேன்.

திரையில் மாமா பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "ஆறு மாசந் தாங்காது பாரு. மாப்பிள ரெண்டு பாக்கெட்டுலயும் சீப்பு வெச்சிருக்கான், ஒன்னுலகூட ஒரு பேனா இல்ல. பொட்டியத் தூக்கிட்டு திரும்பி வந்துருவா. அவ ரூமு அப்படியே இருக்கட்டும்னு வூட்ல சொல்லிட்டேன்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. நான் பாய்ந்துபோய் லேப்டாப்பில் நிறுத்துகிற பொத்தானை அழுத்தினேன். அழுத்தியது பின்னால் போகிற பொத்தான். மாமா மறுபடி முதலிலிருந்து சொன்னார். முதல் தடவை சரியாகக் காதில் விழாதவர்களுக்கும் இப்போது தெளிவாக விழுந்தது. பதறி இன்னொன்றை அழுத்தினேன். படம் நின்றது. மாமாவின் திறந்த வாய் திரை முழுக்க நின்றது.

முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மாமா மெதுவாக எழுந்தார். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

மாமாவைத் தெரியாதவர்களுக்கு இது புரியாது. எங்கள் போர்வெல் வற்றிய கோடையில் ஏரியூரிலிருந்து டிராக்டரில் தண்ணீர் கொண்டுவந்து எங்கள் மாமரங்களைக் காப்பாற்றியவர் அவர். அப்பா ஒரு வேட்டி வாங்குவதென்றாலும் அவரைக் கேட்டுத்தான் வாங்குவார். அப்படிப்பட்ட மனிதரை நான் அத்தனை பேர் முன்னால், அதுவும் இரண்டு தடவை, தலைகுனிய வைத்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. (செருப்புக்காக அல்ல.)

அப்பா மேடையிலிருந்து இறங்கி மாலையோடேயே வெளியே நடந்தார். பின்னால் அம்மா. அதற்குப் பின்னால் நான். மாமா ஸ்டேஷன் ரோட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டீ சொல்லியிருக்கவில்லை.

"மச்சான்" என்றார் அப்பா.

மாமா தலையைத் தூக்கவில்லை. "வுட்டுருங்க மாப்ள. எந்த மூஞ்சிய வெச்சுட்டு உள்ள வரது?"

அப்பா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஆறு மாசம்னுதான சொன்னீங்க? நானே மூணு மாசத்துக்கு மேல தாங்காதுன்னு நெனச்சேன் மச்சான். நீங்க எம்மேல ரெட்டிப்பு நம்பிக்க வெச்சிருந்திருக்கீங்க."

மாமாவின் தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "சீப்பு வெச்சிருந்தீங்கதான?" என்றார்.

"வெச்சிருந்தேனுங்க. முடி இருந்துச்சு, சீப்பு இருந்துச்சு."

இப்போது சிரிப்புதான் என்று தெரிந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். "மனசுல ஒன்னும் வெச்சுக்காத சுமதி. ஆனா சொன்ன மாதிரியே அந்த ரூம யாருக்கும் குடுக்கல. நெல்லு மூட்ட வெக்க எடமில்லாதப்பகூட அதத் தொறக்கல."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்பவும் அப்படியே இருக்குதாண்ணா?"

மாமா கொஞ்சம் தயங்கினார். "இந்தப் பாப்பா பொறந்தப்புறம்… இனி நீ வரமாட்டன்னு தெரிஞ்சுபோச்சு. ராகி மூட்ட போட்டிருக்குது."

"ராகியா?" அம்மாவின் குரல் ஏறியது. "யாரக் கேட்டுப் போட்டீங்க? அங்க எனக்குன்னு ஒரு ரூமு இருக்குதுங்கற தைரியத்துலதான் இந்த மனுசங்கிட்ட இத்தன வருசமா சண்ட போட்டுட்டிருக்கேன்!"

டீக்கடைக்காரர் அடுப்பை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்தது அறுபது வயது மாப்பிள்ளை மாலையோடு, பட்டுப்புடவையில் பொண்ணு, பெஞ்சில் சிரித்துச் சிரித்து இருமுகிற பெரியவர், அவர் முதுகில் தட்டிவிடுகிற அதே மாப்பிள்ளை.

மண்டபத்துக்குத் திரும்பினால் யாரும் சாப்பிடப் போகவில்லை. மீதியைப் போட்டால்தான் எலையில் உட்காருவோம் என்று காத்திருந்தார்கள். மாமாவே, "போடு கண்ணு, இன்னும் எவனெவன் மாட்றான்னு பாத்துரலாம்" என்றார். போட்டேன். பலர் மாட்டினார்கள். அதையெல்லாம் எழுதினால் என்னால் அந்தப் பக்கம் ரயிலேற முடியாது.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். பந்தி முடிகிற இடத்தில் படம் திடீரென்று சரிந்து தரையையும் யாருடையவோ கால்களையும் காட்டும். கேமரா தவறு என்று எப்போதும் அந்த இடத்தை ஓட்டிவிடுவோம். அன்றைக்குத் தரை தெரிந்தபோது ஒரு கரகரத்த குரல் கேட்டது.

"ஏம்பா வீடியோ, நீ சாப்டியா? காத்தாலருந்து அந்தப் பொட்டியத் தூக்கிட்டே நிக்கற. கீழ வெய்யி. யாராச்சும் இந்தத் தம்பிக்கு ஒரு எலை போடுங்க."

எனக்கு யாரென்று தெரியவில்லை. அப்பா மட்டும் எழுந்து நின்றுவிட்டார். அது அவருடைய அப்பாவின் குரல். நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டவர். அவர் முகம் போட்டோவில் இருக்கிறது, குரல் எங்கேயும் இல்லை. "இன்னொருக்கா போடு பாப்பா" என்றார் அப்பா. பின்னால் போகிற பொத்தானை அழுத்தினேன். இந்தத் தடவை வேண்டுமென்றே.

அதற்கப்புறம் என் விஞ்ஞானிப் பட்டம் போய்விட்டது. கல்யாணம் காட்சிகளில் நான் போனை எடுத்தாலே, "பேசாதீங்க, பாப்பா வந்திருக்குது" என்று பந்தியே அமைதியாகிவிடும். ரிமோட்டுகள் வருவதும் நின்றுவிட்டது.

மாமா அடுத்த வாரமே ராகி மூட்டைகளை இடம் மாற்றி, அறைக்கு நீலச் சுண்ணாம்பு அடித்து, ஒரு ஃபேனும் மாட்டிப் படம் அனுப்பினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சண்டை என்றால் அம்மா நேராக ஏரியூருக்குத்தான் போன் போடுவாள். "அண்ணா, ரூமு காலியா இருக்குதா?" "கூட்டித் தொடச்சு வெச்சிருக்கேன், வா." அதோடு சண்டை முடிந்துவிடும்.

போன மாதம் தக்காளி நாற்று விஷயத்தில் பெரிய சண்டை. அம்மா முகத்தைத் தூக்கிக்கொண்டு போனைக் கையில் எடுத்தாள். மணி அடித்து மாமா எடுத்ததுதான் தாமதம், அம்மா வாயைத் திறப்பதற்குள் அப்பா கூடத்திலிருந்து சத்தமாகக் கேட்டார்:

"மச்சான், அந்த ரூமுல ரெண்டு பேரு படுக்க எடம் இருக்குதுங்களா?"